‘வேணாம்’ என்ற பிள்ளையோடு இருபது நிமிடம்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்றவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னையும் கூப்பிட்டு, தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணித்தியாலம் தந்தார்கள். பசி கிளம்பும் நேரத்தில் பேசுகிறவரின் கதி என்னவென்று உங்களுக்குத் தெரியும். நான் இரண்டாவது கதையைத் தொடங்கும்போதே பின் வாசலால் புரியாணி வாசம் வந்துவிட்டது. அதோடு என் வகுப்பும் முடிந்தது.

சாப்பிட்ட பிறகு சஜா என்ற பிள்ளை தன்னுடைய டெப்லட் கணினியைக் கொண்டுவந்து காட்டினாள். ஆய்வில் பங்கெடுக்கும் சிறுவர்களின் சம்மதத்தை இப்போது இதில்தான் பதிகிறார்களாம்.

“இந்தா பாருங்க ராத்தா, பச்சைப் பெட்டியில பிள்ள ஒரு தட்டு தட்டினா சம்மதம் முடிஞ்சி. ஒங்கட காலத்துல இதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“சில நேரம் ரெண்டு நாள்” என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். மெய்யாகவே இரண்டு நாள் எடுத்த ஒன்று இருந்தது, கடைசியில் அது சம்மதமாகவும் முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்ட இரண்டாவது கதை அதுதான்.

என் பெயர் பரீதா; ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. ஊர் கிழக்கிலங்கையில் சாய்ந்தமருது. சுகாதார ஆய்வு செய்யும் ஒரு பிரிவில், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை. கையில் குடை, தோளில் பை, காலில் எப்போதும் மணல். சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருடம் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குக் கேள்வி கேட்க வராத ஆளில்லை. சனமும் பழகிவிட்டது, படிவம் ஒன்றைக் கண்டால் முதலில் கையெழுத்தை வைத்துவிட்டுப் பிறகுதான் என்னவென்று கேட்பார்கள். கரைவலைக்காரர் ஒருவர் மளமளவென்று கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, “தங்கச்சி, இது அரிசிக்கா, தகரத்துக்கா?” என்று கேட்டார். அது வயிற்றோட்டம் பற்றிய படிவம். நானும் அவர் கையெழுத்தைப் பத்திரமாகக் கோவையில் வைத்துவிட்டு வந்தேன். சம்மதம் என்றால் கையெழுத்து என்றுதான் எனக்கும் அப்போது தெரியும்.

அந்த எண்ணத்தைப் பிடுங்கி எறிந்தவர் எங்கள் மேடம். மட்டக்களப்புக்காரர், சமுதாய மருத்துவம் படித்த டொக்டர். சீனியை உள்ளங்கையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டபடி பால் விடாத பிளேன்டீ குடிப்பார். யாரையும் ஏசியதே இல்லை. கோபம் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனையை மூடியால் மெதுவாக மூடுவார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நாங்கள் எல்லோரும் கையிலுள்ள படிவங்களைத் திரும்பச் சரிபார்க்கத் தொடங்குவோம். ஏசினாலும் பரவாயில்லை என்றிருக்கும்.

ஒரு வருடம் அவர் எடுத்த ஆய்வு, எட்டு வயது தாண்டியும் நித்திரையில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகள் பற்றியது. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நனைந்த பாயை வேலியில் போட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று, வீட்டுக்குள்ளேயே மின்விசிறியைச் சுழலவிட்டுக் காய வைக்கும் உம்மாமாரை நான் கண்டிருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு என்றோ வரப்போகும் மாப்பிள்ளையின் உம்மாவை நினைத்து இன்றைக்கே பயப்படுவார்கள். இவ்வளவுக்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் நாலு நல்ல வார்த்தையும் சில பழக்கங்களுமே போதும் என்று மேடம் சொல்வார்.

கடற்கரைப் பக்கம் இரண்டு குறுக்கு வீதிகளில் தொடங்குவதென்று முடிவாகியது. பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் ஊரில் ஆளைக் கூப்பிட வேறு வழி தேடத் தேவையில்லை. மாடு காணாமற் போனாலும், தண்ணீர் வெட்டு என்றாலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் விட்டால் வேலை முடிந்தது. இன்ன வீதிப் பெற்றோர் சனிக்கிழமை காலை பாலர் பாடசாலைக்கு வரவும் என்று இரண்டு வரி எழுதி, பாங்கு சொல்லும் மோதினாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவசரத்தில் எழுதியது அலுவலகக் கடிதத் தாளில். தாளின் தலையில் ஆய்வின் முழுப் பெயரும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

பின்னேர அசர் தொழுகை முடிந்தது. நான் வீட்டுக் கிணற்றடியில் சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் மோதினார் தொண்டையைச் செருமிவிட்டு, ஸலாம் சொல்லி, தாளின் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

“படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பிள்ளைகள் பற்றிய ஆய்வு. கடற்கரைப் பக்கம் இரண்டாம், மூன்றாம் குறுக்கு வீதிகளில் உள்ள பெற்றோர்களின் கவனத்திற்கு…”

மீன் கையிலிருந்து நழுவிப் போயிற்று. எங்கள் ஊரில் எந்த அறிவித்தலையும் இரண்டு தடவை வாசிப்பது வழக்கம். நான் கையைக்கூடக் கழுவாமல் பள்ளிவாசலுக்கு ஓடிச் சேருவதற்குள் இரண்டாம் தடவையும் வாசித்து முடித்துவிட்டார்.

“என்ன மோதினார் இப்பிடி வாசிச்சிட்டீங்க!”

“நீங்க எழுதித் தந்தத்தானே தங்கச்சி வாசிச்சன்? ஒரு எழுத்தும் விடல்ல” என்றார், பெருமையாக. அந்த மனிதரில் என்ன பிழை?

அடுத்த நாள் பாடசாலையில் அந்த இரண்டு வீதிகளுக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை, நீங்களே ஊகித்திருப்பீர்கள். அந்த வீதிப் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்களாம்.

மேடத்திடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ‘டிக்’. பேனை மூடப்பட்டது. பிறகு கேட்டார்.

“அந்த ரெண்டு வீதியிலயும் அந்த வயசில எத்தின பிள்ளைகள் இருக்கும்?”

“இருபது, இருபத்தஞ்சி இருக்கும் மேடம்.”

“எல்லாரையும் கூப்பிடுவம். நனைக்கிற பிள்ள, நனைக்காத பிள்ள எல்லாரையும். பக்கத்து வீதிப் பிள்ளைகளும் வரட்டும். எல்லாருக்கும் ஒரே இருபது நிமிஷம்.”

வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று பயந்து போன எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தன் உள்ளங்கைச் சீனியில் பாதியை எனக்குத் தந்தார்.

இரண்டாவது அறிவித்தலில் ‘பிள்ளைகளின் நித்திரை பற்றிய ஆய்வு’ என்றுதான் எழுதச் சொன்னார். இம்முறை வெறும் தாளில்.

“இது பொய்யில்லையா மேடம்?” என்று கேட்டேன்.

“தெருவுக்கு இவ்வளவும் சொன்னாக் காணும். பிள்ளைக்கு மட்டும் முழுசும் சொல்லவேணும், பரீதா. பெயரையும் சொல்லவேணும், அந்த ஒலிபெருக்கி யாருட பிழை எண்டும் சொல்லவேணும்.”

பிறகு எங்களை மூன்று நாள் பழக்கினார். பாலர் பாடசாலையின் சின்ன அறையில் ஒரு பாய். பிள்ளை கதவுக்குக் கிட்ட இருக்க வேண்டும், நாங்கள் உள்ளே சுவர்ப் பக்கம். நினைத்த நேரம் எழுந்து போகும் வழி பிள்ளையின் பக்கம் இருக்க வேண்டுமாம். கதவு பாதி திறந்திருக்கும். உம்மா தன் சம்மதக் கையெழுத்தை வைத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக் கதிரையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்குக் கேட்காத தூரத்தில்.

எங்களை யாரும் ‘டீச்சர்’ என்று கூப்பிடக் கூடாது என்பது அடுத்த விதி. எங்கள் ஊரில் குடையும் பையுமாகப் போகும் பெண் எவளும் டீச்சர்தான். டீச்சர் கேட்டால் எந்தப் பிள்ளையும் மறுக்காது. பிள்ளைகளை நாங்கள் வளர்த்திருக்கும் முறை அது. பெரியவர் ஒருவர் எதைக் கேட்டாலும் ‘ஓம்’. ஆகவே, ஆய்வைப் பற்றிக் கேட்க முதல் மறுப்பதற்குப் பழக்க வேண்டும் என்றார் மேடம். அதற்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தார்.

“மகள், என்ட குடைய நீங்க தின்றீங்களா?”

பிள்ளை முழிக்கும். பிறகு மெல்ல, “வேணாம்.”

“இந்தப் பைய தலையில கவுத்துக்கொண்டு வீட்ட போறீங்களா?”

“வேணாம்.”

“ஒங்கட ஒரு செருப்ப எனக்குத் தாறீங்களா?”

“வேணாம்!”

முதலாவது ‘வேணாம்’ வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். மூன்றாவது வேப்பமரத்தடி வரைக்கும் கேட்கும். அப்போதுதான் பிள்ளை தயார். பிறகு விஷயத்தை நேராகச் சொல்வோம். யாராவது உன்னை நோகச் செய்கிறார்கள் என்று சொன்னால் அதை மட்டும் என்னால் மறைத்து வைக்க முடியாது, உதவி செய்யக்கூடிய ஆளிடம் சொல்லுவேன், மற்றதெல்லாம் உனக்கும் எனக்கும் இடையில் என்றும் சொல்வோம். விளங்கியதைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கேள்வி: “இதில நீங்க சேர விருப்பமா?”

கேட்டு முடித்ததிலிருந்து பதில் வரும்வரை மனதுக்குள் செக்கன் எண்ண வேண்டும். படிவத்தில் அதற்கொரு கட்டம். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்கு இன்னொரு கட்டம்.

‘வேணாம்’ என்று சொன்ன பிள்ளையை உடனே வெளியே விடக்கூடாது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தால் இது மறுத்த பிள்ளை என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையுடன் மீதி நேரம் லூடோ விளையாட வேண்டும். ‘ஓம்’ என்ற பிள்ளைக்கும் கடைசியில் கொஞ்சம் லூடோ. இப்படி எல்லாப் பிள்ளைகளும் லூடோக் கதையோடு வெளியே வந்தார்கள். இரண்டாம் நாளே, ஆய்வுக்கு வயது போதாத வாண்டுகளும் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். மேடத்தின் சம்பளம் லூடோ வாங்கியே முடியப் போகிறது என்று நாங்கள் சிரித்தோம். போகும்போது எல்லா உம்மாமாருக்கும், கிளினிக்கில் காட்டுவதற்கு ஒரே மாதிரித் துண்டு ஒன்றும் கொடுத்தோம்.

கடைசிப் பிள்ளையாக வந்தவள் மின்னா, பத்து வயது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, எனக்குத் தலையிடி. அவளுடைய உம்மா அவள் கையைப் பிடித்தபடியே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டா. வெளியே இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அரை மணித்தியாலம் இழுபடும் என்று சோம்பலில் விட்டுவிட்டேன். ‘வேணாம்’ பழக்கத்தையும் ஒலிபெருக்கிக் கதையையும் அன்று தாண்டிவிட்டேன். விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிட்டு, “இதில நீங்க சேர…” என்று தொடங்கினேன்.

உம்மா கையை ஒரு அமுக்கு அமுக்கினா. “ஓம்” என்றாள் மின்னா.

மீதிக் கேள்விகளுக்கு உம்மாவே பதில் சொன்னா. பிள்ளை பாயில் ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது உம்மா என் காதுக்குள் சொன்னா: “ராத்தா, இவக்குக் கட்டாயம் மருந்து எடுத்துத் தாங்க. அதுக்காகத்தான் கையெழுத்து வெச்சன்.” அந்த முகத்தில் எவ்வளவு களைப்பு! தினமும் விடிய எழும்பிப் பாய் கழுவும் முகம்.

படிவத்தில் செக்கன் கட்டத்தில் பூச்சியம் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர்: உம்மா, கையைப் பிடித்தபடி. சோம்பல்பட்டேன், ஆனால் கட்டங்களில் பொய் எழுதவில்லை. அது ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் ஆறுதல்.

பின்னேரம் மேடம் படிவங்களைப் புரட்டி வந்தவர் அந்தத் தாளில் நின்றார். ‘டிக்’.

“பூச்சியமா?”

“ஓம் மேடம். உடன சொல்லிட்டா.”

“இவட்ட யாரும் ஒண்டும் கேக்கவே இல்லையே, பரீதா. கேட்டதும் உம்மாட்ட, சொன்னதும் உம்மா.”

தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை பிள்ளைகள், எத்தனை வெயில். பலபேர் நாங்கள் நனைப்பதில்லை என்றே சொல்லிவிட்டுப் போன ஆய்வில், விஷயம் உள்ள பிள்ளை ஒன்று கிடைத்தால் அதற்கும் கோடா? வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். மேடம் பேனையைத் திறக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

“நாளைக்குப் போய், தாள் வெட்டுப்பட்டிட்டுது எண்டு அந்தப் பிள்ளையிட்ட சொல்லுங்க. உம்மாட்டயும் சொல்லுங்க, மகள் சேர்ந்தாலும் சேராட்டியும் கிளினிக் கிளினிக்தான்.”

அடுத்த நாள் முதலில் உம்மாவிடம் போனேன். அவவுக்கு அது நம்ப முடியாமல் இருந்தது. “கையெழுத்து இல்லாமலும் மருந்து பாப்பாங்களா?” என்று மூன்று தரம் கேட்டா. மூன்று தரமும் ஓம் என்றேன். பிறகு தானாகவே வேப்பமரத்தடிக்குப் போய் இருந்தா.

மின்னா கதவோரம் பாயில் உட்கார்ந்தாள். கோடு இழுத்த தாளை அவள் முன்னால் வைத்தேன்.

“மகள், நேத்து நான் கேட்ட முறை பிழை. இந்தத் தாள் இனிச் செல்லாது. இன்னொரு பிழையும் இருக்கி. பள்ளில ஒலிபெருக்கில வாசிச்ச அந்தக் கடிதம், அத எழுதினது நான்தான்.”

அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களா?”

“நான்தான்.”

“மோதினார் அப்பாதான் அப்பிடி எழுதினார் எண்டு நினைச்சி, ஒரு மாசமா நான் அவருக்கு ஸலாம் சொல்லல்ல.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இனிமேல் அவருக்குச் சொல்லு, எனக்கு வேண்டுமானால் நிறுத்து என்றேன். அதற்குத்தான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். குடையைத் தின்கிறாயா என்று கேட்டுப் பழக்கினேன். விஷயத்தை ஆறுதலாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள், என்னைவிட வடிவாக. பிறகு கேட்டேன். எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று… ஒன்பது.

“வேணாம்.”

“சரி மகள்” என்று படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்து மூடிவிட்டேன். அவள் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திரும்பத் திறக்குமோ என்று பார்த்திருப்பாள். நான் லூடோப் பலகையை விரித்தேன். அவள் பச்சை, நான் சிவப்பு.

ஆட்டம் சூடுபிடித்த நேரம், தாயக்கட்டையைக் குலுக்கிக்கொண்டே அவள் கதைக்கத் தொடங்கினாள். கேட்காமலே. எப்போது தொடங்கியது, எந்த நாட்களில் வரும், எந்த நாட்களில் வராது, அதற்கு முதல் நாள் என்ன நடந்திருக்கும் என்று, எங்கள் படிவத்தில் கேட்கத் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் பதில். அத்தனை வாரம் வெயிலில் திரிந்தும் கிடைக்காதது என் மடியில் வந்து விழுகிறது! பை ஒரு முழத் தூரத்தில். பேனை என் சட்டைப் பையில். எடுத்து எழுதிவிடலாமா என்று இருந்தது. நினைவில் வைத்துக்கொண்டு பிறகு பேர் போடாமல் எழுதலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அவளை யாரும் நோகச் செய்த கதை அதில் இல்லை, அதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

தாயக்கட்டையை உருட்ட முதல் நிறுத்திவிட்டுக் கேட்டாள். “ராத்தா, நீங்க இத எழுதமாட்டீங்கதானே?”

“நீங்கதான் வேணாம் எண்டு சொல்லிட்டீங்களே மகள்.”

“எங்கயும்?”

“எங்கயும்.”

ஆறு விழுந்தது. என் காயை வெட்டினாள்.

வெளியே வந்ததும் உம்மா ஓடிவந்தா. “எல்லாம் சொன்னாளா?”

“லூடோல என்னய நாசமாக்கிட்டா” என்று கிளினிக் துண்டைக் கையில் கொடுத்தேன்.

பின்னேரம் மேடத்துக்கும் விஷயம் போக வேண்டுமே. மறுத்தாள், ஒன்பது செக்கன் என்றேன். இருபது நிமிடத்தில் என்ன கதைத்தாள் என்று கேட்டார். அவர்தான் என் மேலதிகாரி, அந்த ஆய்வே அவருடையது. “லூடோ கதைதான் மேடம்” என்றேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. பேனையைத் திறந்து, மறுத்தவர்களின் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, உள்ளங்கைச் சீனியை நீட்டினார். இம்முறை முழுவதையும்.

இரண்டு வாரத்தில் உம்மாவும் மகளும் கிளினிக்குக்குப் போனதாக அறிந்தேன். அங்கே என்ன நடந்தது என்பது அவர்கள் விஷயம். மின்னா இப்போது வளர்ந்து, கல்முனையில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறாள். சந்தையில் என்னைக் கண்டால் ஸ்கூட்டரை நிறுத்தி, “லூடோ ராத்தா!” என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள்.

சஜாவின் டெப்லட்டைப் பார்த்த அன்றே இதை எழுத நினைத்தேன். அதில் செக்கனுக்குக் கட்டம் இல்லை. பக்கத்தில் யார் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கும் இல்லை. ஆனால் எழுத முதல் இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். என்ன எழுதப் போகிறேன் என்று முழுவதும் சொன்னேன்.

“முதல்ல என்னப் பழக்குங்க ராத்தா” என்றாள்.

“என்ட குடைய நீங்க தின்றீங்களா?”

“வேணாம்!” கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு கேட்டேன். என்ட பேர் வேணாம், மின்னா எண்டு போடுங்க என்றாள். ஒலிபெருக்கிக் கதையைக் கட்டாயம் போடச் சொன்னாள், மோதினார் அப்பாவுக்கு ஸலாம் சொல்லாமல் விட்டதையும். அவளுடைய உம்மாவிடமும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, அடுத்த நாள் சரி என்று செய்தி அனுப்பினாள்.

“அண்டைக்கு லூடோ விளையாடக்குள்ள சொன்னது?” என்று அப்போதே கேட்டிருந்தேன். பழக்க தோஷம், எண்ணவும் தொடங்கிவிட்டேன். பதினொன்று.

“அது வேணாம் ராத்தா.”

“சரி மகள்.”

ஆகவே அது இங்கே இல்லை. அன்று என்னுடைய சிவப்புக் காய் நாலையும் அவள் வெட்டினாள் என்பதை மட்டும் எழுதலாம் என்றாள். எழுதிவிட்டேன்.